தங்கவயல் சர்ச்சுக்கு எந்த வெள்ளை?

நவம்பர் மாதக் கடைசி ஞாயிறுகளில், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோலார் தங்கவயலின் சின்னச் சர்ச்சுகளில் ஒரு பேச்சு கட்டாயம் எழும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுவருக்கு என்ன அடிப்பது? ஆள் கூலி பிரச்சினையில்லை. வாலிபர் ஐக்கியத்துப் பையன்களும் பெண்களும் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது, சாரத்துக்குச் சவுக்குக் கம்பும் கிடைத்துவிடும். வாளிக்குள் எதைக் கரைப்பது என்பதில்தான் தகராறு. பெரியவர்கள் சுண்ணாம்பு என்பார்கள். "வருஷா வருஷம் யாரால ஆகும்? எமல்ஷன் ரெண்டு கோட்டு அடிச்சா ஏழெட்டு வருஷத்துக்குக் கவலையில்ல" என்பார்கள் இளையவர்கள்.

இரண்டு பக்கமும் பேசுவது காசையும் உழைப்பையும் பற்றித்தான். சுவரின் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. அது எதனால் கட்டப்பட்டது, இந்த மாதத்தில் அதற்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்தால் இந்த வழக்கு பாதி தீர்ந்துவிடும். மீதியைச் சுண்ணாம்பின் வேதியியல் தீர்த்து வைக்கும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-இல் இங்கே சுரங்க வேலையில் இறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆற்காடு, சேலம் சீமைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், கோரமண்டல் என்று சுரங்க வாய்களைச் சுற்றி 'லைன்'கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. தொடக்கத்தில் மூங்கில் தட்டி வீடுகள்தான். லைன்களோடு மாரியம்மன் கோயில்களும் சின்னச் சர்ச்சுகளும் வந்தன. கம்பெனி அதிகாரிகள் தொழுத பெரிய ஆங்கிலேய ஆலயங்களின் கதை வேறு. இங்கே நாம் பேசுவது, தொழிலாளர் காசு போட்டுக் கட்டிய நூறு பேர் கொள்ளும் கட்டடங்களைப் பற்றி.

அந்தக் காலத்துச் சுவர்களின் அமைப்பு பொதுவாக ஒன்றுதான். உள்ளூர்க் கல்லோ செங்கல்லோ, நடுவே மண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புக் காரை. கூரை ஓடாகவோ ஜிங்க் ஷீட்டாகவோ இருக்கும். இன்றைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுக்க ஒரு கான்கிரீட் பட்டை போடுகிறார்களே, அது இவற்றில் கிடையாது. ஆகவே மண்ணில் இருக்கும் தண்ணீர், சுவரின் நுண்துளைகள் வழியாக நுண்புழை ஈர்ப்பால் மேலே ஏறும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். பழைய சுவர்களில் தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை கறை படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஏறுகிற ஈரமும் ஆவியாகிற ஈரமும் சமமாகும் எல்லை அது.

பழைய கொத்தனார்கள் இந்த ஈரத்தைத் தடுக்க முயலவில்லை, வெளியேற வழி விட்டார்கள். மண் சாந்து, சுண்ணாம்புக் காரை, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை, எல்லாமே நுண்துளை கொண்டவை. அடியில் ஏறியது முகப்பு முழுவதும் பரவி ஆவியாகிப் போய்விடும். உள்ளிருந்து வெளியே வரவர, ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட மென்மையாக இருக்கும். அடிபட வேண்டியிருந்தால் கல் அடிபடக் கூடாது, வெள்ளைதான் அடிபட வேண்டும். ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து போவதற்கென்றே பூசப்படும் பூச்சு அது. அது உதிர்வதை இன்று நாம் தரக்குறைவு என்கிறோம். கட்டியவர்கள் அதைத் தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள்.

டிசம்பரின் சிக்கல்

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு மழை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில்தான். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் நவம்பரிலும் கொட்டும். அப்படியானால் ஆண்டிலேயே சுவர் அதிகமாக ஈரம் குடித்திருக்கும் காலம் எது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்தான். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். ஒன்றரை அடி கனமுள்ள சுவரின் நடுப்பகுதி காய மாதக்கணக்காகும்.

அந்த நேரத்தில் எமல்ஷனோ எனாமலோ அடிப்பது, மழையில் நனைந்த உடம்புக்கு மேல் ரெயின்கோட்டு மாட்டுவது போலத்தான். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் துகள்கள். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய படலமாகும். நீராவி ஓரளவு அதன் வழியே நுழையும், நீராக இருக்கும் ஈரம் நுழையாது. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் சுவர் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியே வரப் பார்க்கும். படலம் விடாது. அப்போது சுவர் பொரியத் தொடங்கும். முதலில் காசளவு கொப்புளம், பிறகு உள்ளங்கை அளவு. பிறகு காரையோடு சேர்ந்து பேர்ந்து விழும்.

ஈரத்தைவிடப் பெரிய எதிரி, அந்த ஈரம் சுமந்து வரும் உப்பு. மண்ணிலும் செங்கல்லிலும் சிமென்டிலும் சோடியம் சல்ஃபேட், நைட்ரேட் போன்ற உப்புகள் உண்டு. சுண்ணாம்புச் சுவரில் தண்ணீர் முகப்பு வரை வந்து ஆவியாவதால், உப்பு வெளியே வெள்ளைப் பொடியாகப் பூக்கும். துடைத்துவிட்டால் போயிற்று. படலம் வழிமறித்தால் தண்ணீர் அதற்குப் பின்னாலேயே நின்றுவிடும், உப்பு காரையின் துளைகளுக்குள்ளேயே படிகமாகும். நீரற்ற சோடியம் சல்ஃபேட், நீரேறிய படிகமாக மாறும்போது அதன் பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. பகலில் காய்ந்து இரவில் நனையும் சுவரில் இந்த ஊதலும் சுருங்கலும் திரும்பத் திரும்ப நடக்கும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்துக்குக் காரை மட்டுமல்ல, செங்கல்லும் மாவாக உதிரும்.

அப்படி உதிர்ந்ததும் அடுத்து நடப்பது என்ன? 'சுவர் வீக்காயிடுச்சு' என்று சொல்லிச் சிமென்ட் பூசுவார்கள். சிமென்ட் இன்னும் கெட்டி, இன்னும் அடைப்பு. ஈரம் அதையும் தாண்டி மேலே ஏறும். இடுப்பளவில் இருந்த கறை தோளளவுக்குப் போகும்.

கல்லாக இருந்து கல்லாகவே

சுண்ணாம்பு இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? காளவாயில் போடுவது சுக்கான் கல்லாக இருக்கட்டும், கடற்கரை ஊர்களின் கிளிஞ்சலாக இருக்கட்டும், இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 100 கிலோ கல்லிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும்.

நீற்றுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரும்பு டிரம்மில் பாதி தண்ணீர். சாம்பல் வெள்ளைக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு சீறல், கட்டி விரிசல் விட்டு மலர்ந்து பொடியும். அடுப்பே இல்லாமல் டிரம் தளதளவென்று கொதிக்கும். வெளிப்பக்கம் கை வைக்க முடியாது. காளவாயில் விறகு கொடுத்த வெப்பத்தின் ஒரு பங்கு இப்போது திரும்பி வருகிறது. அடங்கியதும் கம்பால் கலக்கி, சாக்கு போட்டு மூடிவிடுவார்கள். நாள்பட ஊற ஊறத் துகள்கள் சிறுத்து, வெண்ணெய் போல் வழவழப்பான குழம்பாகும். ஊறாத சுண்ணாம்பை அவசரப்பட்டு அடித்தால், நீறாத துணுக்குகள் சுவரில் ஏறிய பிறகு நீறி, பொரிப்பொரியாக வெடித்துக் காட்டும்.

சுவரில் ஏறிய பிறகுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது. நீற்றிய சுண்ணாம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. காளவாயில் இழந்த அந்த 44 கிலோ, சிறுகச் சிறுகத் திரும்புகிறது. சுவரில் ஒட்டுவது வண்ணப் படலமல்ல, மெல்லிய சுண்ணாம்புக் கல் தோல். கீழே இருக்கும் காரையும் அதே பொருள் என்பதால் இரண்டும் ஒரே உடலாகப் பிணைகின்றன.

இந்த மாற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கார்பன் டை ஆக்சைடு முதலில் தண்ணீரில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு சேரும். சுவர் எலும்பாகக் காய்ந்திருந்தால் வினை நடக்காது. பூச்சு வெறும் பொடியாக நின்று, சாய்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். துளை முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தால் காற்று உள்ளே நுழையாது. லேசான ஈரம்தான் பதம். மே மாத வெயிலில் காலையில் அடித்த சுண்ணாம்பு மதியத்துக்குள் சுள்ளென்று காய்ந்து பொடியாகிவிடும். தங்கவயலின் டிசம்பரில் வெயில் இளசு, இரவு குளிர், விடியலில் பனி, சுவருக்குள் மழைக்காலத்து ஈரம். பிளாஸ்டிக் பெயிண்ட்டுக்கு இதைவிட மோசமான மாதம் இல்லை, சுண்ணாம்புக்கோ இதைவிட நல்ல மாதம் அரிது. கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளை அடிப்பதென்று முன்னோர் வைத்த வழக்கத்துக்குக் காரணம் திருநாள்தான். ஆனால் அந்த வழக்கம் தோன்றியபோது கையில் இருந்த பூச்சுக்கு அந்த மாதம் கச்சிதமாகப் பொருந்தியது. பூச்சு மாறிவிட்டது, மாதம் மாறவில்லை. தகராறு அங்கேதான் இருக்கிறது.

ஆலையிலும் அதே சுண்ணாம்பு

இந்த ஊருக்குச் சுண்ணாம்போடு இன்னொரு உறவு உண்டு. கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் ஃபாரெஸ்ட் சகோதரர்களும் 1887-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பொடித்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால், கண்ணுக்குத் தெரியாத தங்கமும் கரைந்து வந்துவிடும். சில ஆண்டுகளில் அது கோலாருக்கும் வந்தது. சுமார் 120 ஆண்டுகளில் இங்கே எடுக்கப்பட்ட ஏறத்தாழ 800 டன் தங்கத்தில் அந்த முறையின் பங்கு பெரியது.

சயனைடு கரைசல் கொஞ்சம் அமிலத்தன்மை அடைந்தாலும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். மூச்சில் போனால் ஆளைக் கொல்லும். அதனால் உலகில் எங்கே சயனைடு முறை நடந்தாலும் கரைசலின் காரத்தன்மையை பி.எச். 10-க்கு மேல் வைத்திருப்பார்கள். அதற்குப் போடும் மலிவான பொருள் சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு நீரின் பி.எச். ஏறத்தாழ 12.4. அதே காரம்தான் சர்ச் சுவரில் பூஞ்சணத்தையும் பாசியையும் அண்டவிடாமல் செய்கிறது. ஆலையில் விஷ வாயுவைக் கட்டிவைத்த பொருள், சுவரில் கிருமிநாசினி. தொற்று நோய்க் காலங்களில் லைன் வீடுகளுக்கும் கக்கூஸ்களுக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னதும் இதற்காகத்தான். பூச்சு கார்பனேட்டாக மாற மாற இந்தக் காரம் குறையும், ஓராண்டில் பாசி மெல்லத் தலைகாட்டும். ஆண்டுதோறும் அடிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஆலைகள் விட்டுச் சென்றது மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த கழிவு. ஊருக்கு நடுவே சயனைட் மேடுகளாக அது நிற்கிறது. ஆடிக் காற்றில் அதன் மாவுத் தூசி வீடு, பள்ளி, சர்ச் எல்லாவற்றின் மேலும் படியும். பெரும்பகுதி குவார்ட்ஸ் எனும் சிலிக்கா. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கல்லாக்கிய சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமான அதே பொருள். ஆகவே வெள்ளை அடிக்குமுன் சுவரைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டிப் பெருக்குவது தப்பு. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த ஈரம் சுண்ணாம்புக்கும் நல்லது.

நிலத்தடியின் கதையும் சுவரில் தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அந்த ஆழத்தில் பாறை தன் மேல் உள்ள பாரம் தாங்காமல் வெடிப்பதை ராக் பர்ஸ்ட் என்பார்கள், முன்னே ஏர் பிளாஸ்ட் என்ற பேரும் இருந்தது. பெரிய வெடிப்புகளில் மேலே நிற்கும் கட்டடங்களும் விரிசல் விட்டன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டு, உள்ளே தண்ணீர் நிரம்பத் தொடங்கிய பிறகும் சிறு அதிர்வுகள் பதிவாயின. சிமென்ட் பூச்சு இப்படிப்பட்ட அசைவில் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்புக் காரை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மயிரிழை விரிசலுக்குள் மழைநீர் இறங்கும்போது, இன்னும் மாறாதிருக்கும் சுண்ணாம்பு கரைந்து அங்கே போய்ப் படிந்து, கார்பனேட்டாகி விரிசலை அடைத்துவிடும். மேலே ஆண்டுக்கு ஒரு கை வெள்ளை விழுந்தால் அந்த வேலை இன்னும் சுலபம்.

தண்ணீராக இருந்து வெள்ளையாவது

முதன்முறை சுண்ணாம்பு அடிப்பவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். மட்டையால் ஒரு இழுப்பு இழுத்ததும் சுவர் வெள்ளையாகாது, தண்ணீர் பூசியது போல் பழைய கறை அப்படியே தெரியும். 'பத்தலை' என்று கெட்டியாகக் கலக்கி அப்புவார்கள். மறுநாள் அது பாளம் பாளமாக வெடித்து நிற்கும்.

இதில் ஒளியியல் இருக்கிறது. ஒரு பொருள் வெள்ளையாகத் தெரிவதற்கு, ஒளி அதற்குள் நுழைந்து பல திசைகளில் சிதறித் திரும்ப வேண்டும். துகளுக்கும் அதைச் சுற்றியிருக்கும் ஊடகத்துக்கும் ஒளிவிலகல் எண்ணில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு சிதறல். சுண்ணாம்புத் துகளின் எண் சுமார் 1.6, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. ஈரமாக இருக்கும்வரை வித்தியாசம் குறைவு, ஒளி ஊடுருவிப் போய்ப் பழைய சுவரைக் காட்டிவிடும். தண்ணீர் ஆவியாகித் துளைகளில் காற்று புகுந்ததும் சிதறல் கூடி வெள்ளை பளிச்சிடும். எனவே மோர் பதத்தில் கரைத்து, மெல்லிசாக அடித்து, ஒரு பகல் பொறுக்க வேண்டும். ஒரு கனத்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சு வலுவானது. மெல்லிய பூச்சுக்குள் காற்று முழுதாக நுழையும் என்பதே காரணம்.

கடை பெயிண்ட்டில் வெள்ளைக்குப் பொறுப்பு டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்தும் அதை எடுக்கலாம். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7. அதனால்தான் ஈரமாக இருக்கும்போதே கறையை மறைத்துவிடுகிறது. அதன் வெள்ளை மட்டமானது, எந்தக் கோணத்திலும் ஒன்றுபோல் இருக்கும். சுண்ணாம்பு மாறிய கால்சைட் படிகமோ ஒளியை இரண்டாகப் பிரிக்கும் தன்மை உடையது. வெயில் சாயும்போது சுண்ணாம்புச் சுவரில் தெரியும் ஒரு மினுமினுப்புக்கு அந்தப் படிகங்களே காரணம்.

சுண்ணாம்பில் நீலம் கலப்பதும் வெறும் பழக்கமல்ல. கல்லில் இருக்கும் சிறிதளவு இரும்பு வெள்ளைக்கு மஞ்சள் சாயல் தரும். நீலம் அந்த மஞ்சளை அடக்கிவிடும். ஆனால் எல்லா நீலமும் சுண்ணாம்பில் நிற்காது. துணிக்குப் போடும் அல்ட்ராமரீன் நீலம் காரத்தைத் தாங்கும். இரும்பும் சயனைடும் சேர்ந்த பிரஷ்யன் நீலத்தைப் போட்டால் காரம் அதைச் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும். காவியும் மஞ்சள் காவியும் இரும்பு ஆக்சைடுகள் என்பதால் கவலையில்லாமல் கலக்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிமுறை கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை நீலமும், ஒட்டுவதற்குப் பசையும் சொல்கிறது. ஊரில் சிலர் கஞ்சி விடுவார்கள், சிலர் வஜ்ரம் காய்ச்சி ஊற்றுவார்கள், இப்போது ஃபெவிகால் விடுகிறார்கள். அளவோடு இருந்தால் சரி. ஃபெவிகாலை டப்பா டப்பாவாகக் கவிழ்த்தால் அதுவே பிளாஸ்டிக் படலமாகி, விலக நினைத்த சிக்கலையே திரும்ப அழைத்து வரும்.

சிமென்ட்டைச் சுரண்டிய ஒரு சபை

இந்தச் சிக்கல் தங்கவயலுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ராஞ்சோஸ் டி தாவோஸ் ஊரில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிப் பச்சை மண் கல்லால் கட்டப்பட்ட புனித பிரான்சிஸ் சர்ச் இருக்கிறது. ஊரார் காலங்காலமாக மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசி வந்தார்கள். 1967-இல் அந்த வேலையிலிருந்து விடுபட நினைத்துச் சிமென்ட் பூசினார்கள். பத்தாண்டு கழித்து விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்த மண் கல்லைக் கரைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. 1979-இல் சிமென்ட்டை முழுவதும் உரித்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். அன்றிலிருந்து கோடைதோறும் சபையாரும் வெளியூர்த் தொண்டர்களும் கூடிப் பூசுகிறார்கள். மாலி நாட்டில் ஜென்னே நகரத்து மண் பள்ளிவாசலுக்கும் ஆண்டுதோறும் ஊர்கூடித்தான் மண் பூசுகிறார்கள். தொழில் தெரியாத கைகளும் செய்யக்கூடிய பூச்சு என்பதால்தான் இந்த வழக்கங்கள் நிலைத்தன. சுண்ணாம்பும் அந்த வகை. கோடு கோணினாலும் அடுத்த பூச்சில் மறையும். சிந்தினால் கழுவலாம்.

ஏணி ஏறுமுன்

முதலில் சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேர்ந்து நிற்கும் ஒரு செதிலை எடுத்து விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும்: வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, காவி, பச்சை டிஸ்டெம்பர், மேலே மினுங்கும் எமல்ஷன். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சுண்ணாம்பு அடுக்கு நுரைக்கும், எமல்ஷன் பெரும்பாலும் நுரைக்காது. மேல் அடுக்கு சுண்ணாம்பாக இருந்தால் கழுவிவிட்டு அடிக்கலாம். எமல்ஷனாக இருந்தால் அதைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு அடித்துப் பயனில்லை, ஒட்டாது. சுவர் முழுக்கச் சிமென்ட்டும் பெயிண்ட்டுமாக மாறிவிட்ட சர்ச்சுகளில் பெயிண்ட்தான் வழி. அப்படியென்றால் கிறிஸ்துமஸுக்கு அடிக்காதீர்கள், ஈஸ்டருக்கு அடியுங்கள். மார்ச்சில் சுவர் காய்ந்திருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பொறுத்திருங்கள்.

கதவு, ஜன்னல், கம்பிகளில் இருக்கும் பழைய ஆயில் பெயிண்ட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது, தூளை அள்ளித் தனியே கட்டுவது, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை அன்று அந்தப் பக்கம் விடாமலிருப்பது, மூன்றும் கட்டாயம்.

ஜிங்க் ஷீட் கூரைக்கு நேரடியாக ஆயில் பெயிண்ட் அடித்தால் இரண்டு வருடத்தில் தோல் உரிவதும் வேதியியல்தான். பெயிண்ட்டின் எண்ணெய் அமிலம் துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் ஒரு சோப்புப் படலம் உருவாகிறது, பெயிண்ட் அதில் வழுக்கிக் கழன்றுவிடுகிறது. துத்தநாகத்துக்கென்று விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

சுண்ணாம்பு சாதுவான பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வையையே பறிக்கும். கண்ணாடி இல்லாமல் யாரையும் தலைக்கு மேல் அடிக்க விடாதீர்கள். தெறித்துவிட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது பழைய பெயிண்டர்களின் வழக்கம், கையுறை அதைவிட நல்லது.

ஏழெட்டு வருஷக் கவலையின்மை

'ஏழெட்டு வருஷத்துக்குக் கவலையில்லை' என்ற வாதத்துக்கு வருவோம். பெயிண்ட் நிஜமாகவே ஏழெட்டு வருடம் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஏழெட்டு வருடமும் கூரை விளிம்பு வரை யாரும் ஏற மாட்டார்கள். சுரங்கக் கம்பெனி இருந்த நாளில் பழுது பார்க்க ஆளாவது இருந்தார்கள். இப்போது கட்டடத்துக்குச் சபையாரைத் தவிர நாதியில்லை. வேலை தேடி அன்றாடம் ரயிலேறி பெங்களூருக்குப் போய்வரும் சனத்துக்குப் பராமரிப்புக் குழு வைக்க நேரமேது?

சுண்ணாம்பு ஆண்டுக்கொரு முறை அவர்களை ஏணியில் ஏற்றுகிறது. ஏறியவர்கள் கண்ணில் படுபவை: நகர்ந்துபோன ஓடு, இலை அடைத்த மழைநீர்க் குழாய், சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று, மரச் சட்டத்தில் செல்லரித்த கோடு, போன வருடம் இல்லாத விரிசல். விரல் கனம் இருக்கும்போது பிடுங்கினால் அரசங்கன்று ஒரு நிமிட வேலை. ஏழு வருடம் விட்டால் சுவரையே பிளந்துவிடும். பெரிய ரிப்பேர்களில் பலவும், நேரத்தில் யாரும் பார்க்காததால் பெரிதான சின்ன ரிப்பேர்கள். ஆண்டுதோறும் கேட்பதுதான் சுண்ணாம்பின் குறை என்கிறார்கள். பழைய கட்டடத்துக்கு அதைவிட மலிவான காவல் வேறு கிடையாது. பெயிண்ட்டுக்குத் திரட்டும் காசில் ஒரு பங்கு சுண்ணாம்புக்குப் போதும். மீதியை உடைந்த ஓட்டுக்கும் மழைநீர்க் குழாய்க்கும் ஒதுக்குங்கள், சுவர் கேட்பது அதைத்தான்.